வெட்டு எதைக் கேட்டு விழுகிறது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார்: "நாங்கள் நாலு பேர் சேர்ந்து பாட்டுக் காணொளி எடுக்கிறோம். ராப் ஒன்று, காதல் மெலடி ஒன்று, போன வைகாசியில் அம்மன் பாட்டு ஒன்று எடுத்தோம். மூன்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஒரே பாட்டுக்கு மூன்று உடுப்பு மாற்றின மாதிரி இருக்கிறது. மற்றவர்களின் காணொளியைப் பார்த்துப் படி என்கிறார்கள். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?"

தம்பி, உங்கள் காணொளிகளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் மூன்றிலும் வெட்டு, அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், மேள அடியில்தான் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஃபோனில் எடிட் செய்கிற செயலிகள் பலவும் பாட்டைக் கொடுத்தவுடன் அடி விழும் இடங்களைத் தாமே புள்ளி போட்டுக் காட்டுகின்றன. அந்தப் புள்ளிகளில் ஷாட்டை ஒட்டிக்கொண்டே போனால் வேலை கெதியாக முடிந்துவிடும். ராப்பும் மெலடியும் அம்மன் பாட்டும் ஒரே நடை நடக்கத் தொடங்குவதும் அங்கேதான்.

ஒரு பாட்டுக்குள் மேளம் மட்டுமா இருக்கிறது? பாடுகிறவரின் மூச்சு, ஒரு சொல்லில் விழும் அழுத்தம், இரண்டு வரிக்கு நடுவே வரும் மௌனம், பின்னால் ஓடும் வயலின், ஆடுகிறவரின் கால் எல்லாமே இருக்கின்றன. இவற்றில் எதற்குப் படம் காது கொடுக்கிறது என்பதுதான் ஒரு வகைக் காணொளியை இன்னொரு வகையிலிருந்து பிரிக்கிறது. லென்ஸ், வண்ணம், உடை, ட்ரோன் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. ஆகவே யாருடைய காணொளியைப் பார்த்தாலும் ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: இந்த வெட்டு எதைக் கேட்டு விழுந்தது?

சரி, பார்க்கும் முறைக்கு வருகிறேன். ஒரு காணொளியைத் தெரிந்தெடுத்து, முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். கண் எங்கே சலிக்கிறது, எந்த முகத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசைப்படுகிறது என்று அப்போது தெரியும். அடுத்து ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள். பல்லவி எங்கே முடிகிறது, இடையிசை எத்தனை வினாடி, சரணத்தில் குரல் எங்கே எழும்புகிறது என்று நேரத்தோடு கொப்பியில் குறியுங்கள். மூன்றாவது முறைதான் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது.

அந்த மூன்றாவது முறையில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். எந்த வினாடியில் தொடங்குகிறது, எவ்வளவு கிட்டத்திலிருந்து எடுத்தது, கமரா அசைகிறதா ஆள் அசைகிறாரா, கடைசியாக வெட்டுக்கு என்ன காரணம். காரணத்துக்கு அடி, சொல், பார்வை, அசைவு, இடமாற்றம் என்ற ஐந்து சொல் போதும். ஐந்திலும் அடங்காத வெட்டுக்குக் கேள்விக்குறி போடுங்கள். முழுப் பாட்டுக்கும் செய்வதென்றால் மினக்கெட வேண்டும். முதல் ஒரு நிமிடத்துக்குச் செய்தாலே கனக்க விஷயம் பிடிபடும். பிறகு உங்கள் சொந்தக் காணொளிக்கும் இதே பட்டியலைப் போடுங்கள். காரணப் பகுதியில் மேலிருந்து கீழ்வரை "அடி, அடி, அடி" என்று வந்தால் நோய் எது என்று தெரிந்துவிடும்.

ஷாட்டுகளை எண்ணுவதும் நல்லது. 210 வினாடிப் பாட்டில் 70 ஷாட் இருந்தால் ஒரு ஷாட்டுக்குச் சராசரி 3 வினாடி. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து இது வேகமான காணொளி, இது மெதுவான காணொளி என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த 70-இல் 40 ஷாட் கடைசி நிமிடத்தில் குவிந்திருக்கலாம். வெட்டுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விட்டுக் கொடுக்கின்றன என்பதில்தான் எடிட்டரின் மனம் தெரியும்.

அடியில் வெட்டுவது தப்பென்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 100 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு 0.6 வினாடி, வினாடிக்கு 25 ஃபிரேமில் (ஃபிரேம் என்பது காணொளியின் ஒரு தனிப் படம்) வேலை செய்தால் சரியாக 15 ஃபிரேம். 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்குப் பன்னிரண்டரை ஃபிரேம் வரும். அரை ஃபிரேமில் வெட்ட முடியாது, ஆகவே ஒரு வெட்டு 12-இலும் அடுத்தது 13-இலும் விழும். இந்த வித்தியாசத்தைக் கண் கண்டுபிடிக்காது. ஆனால் வெட்டு அடிக்குப் பிந்தி விழுந்தால் உடனே இடறும். புதுப் படம் வந்ததும் எங்கே பார்ப்பது என்று தேடக் கண்ணுக்குச் சற்று நேரம் வேண்டும். அதனால் கைதேர்ந்தவர்கள் அடிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னாலேயே வெட்டிவிடுவார்கள். அடி விழும்போது கை தட்டுவதோ தலை திரும்புவதோ கதவு சாத்துவதோ அந்தப் புது ஷாட்டுக்குள் நடக்கும். ஒருமுறை இப்படிச் செய்து பார்த்தால் பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது.

இனி வகைகளுக்குப் போவோம்.

ராப்பில் சொல்லுக்குத்தான் முதலிடம். வரி நெருக்கமாக வரும், அதைச் சொல்கிற வாயை நாம் நம்ப வேண்டும். அதனால்தான் அகன்ற லென்ஸை ஆளுக்கு மிகக் கிட்டே கொண்டுபோய், கொஞ்சம் கீழே இருந்து எடுக்கிறார்கள். கை லென்ஸை நோக்கி வரும்போது பெரிதாகிறது, சொல்லோடு சேர்ந்து நம்மிடம் வருகிறது. ஹைப் வில்லியம்ஸ் என்ற இயக்குநர் 1997-இல் ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் காணொளியில் மீன்கண் லென்ஸைக் கையாண்ட விதம் அந்தக் காலத்து ராப் காணொளிகளின் அடையாளமாகவே ஆனது. ஓரங்களெல்லாம் வளைந்து ஒதுங்க, நடுவில் நிற்பவர் சட்டகம் முழுவதையும் தனதாக்கிக்கொள்கிறார். உங்கள் ஃபோனில் 0.5 என்று இருக்கும் லென்ஸ் அதற்குக் கிட்ட வரும். ஆனால் அதையே பாட்டு முழுக்கப் பாவித்தால் வேலை செய்யாது. பெருமை பேசும் வரிக்கு அது பொருந்தும், அம்மாவை நினைக்கும் வரிக்கு முகத்தைக் கோணலாக்கிவிடும்.

ராப்பில் வெட்ட வேண்டிய இடம் மூச்சு. ராப் பாடுகிறவர் பெரும்பாலும் வரியின் நடுவில் மூச்சு எடுப்பதில்லை. நீங்கள் அங்கே வெட்டினால் அவர் கட்டிய வரி உடைந்துபோகும். மூச்சு எடுக்கிற இடத்திலோ, வரியின் கனமான சொல்லுக்குச் சற்று முன்னாலோ வெட்டுங்கள். ஒரு இடத்தில் நாலு வரியை வெட்டே இல்லாமல் விட்டுப் பாருங்கள். "இந்தப் பொடியன் உண்மையாகவே சொல்லுகிறான்" என்ற நம்பிக்கை அந்த நாலு வரியில் வரும்; பிறகு எவ்வளவு வேகமாக வெட்டினாலும் பார்ப்பவர் கூடவே வருவார். இதற்கெல்லாம் படப்பிடிப்பிலேயே வழி செய்ய வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டையும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருமுறையாவது பாடவைத்து எடுங்கள். குளக்கட்டில் ஒரு முழுப் பாட்டு, கராஜில் ஒரு முழுப் பாட்டு, சந்தையடியில் ஒரு முழுப் பாட்டு. எல்லாவற்றிலும் தொடக்கத்தில் ஒரு கைதட்டல் இருக்கட்டும், எடிட் செயலியின் டைம்லைனில் பொருத்த எளிது. துண்டு துண்டாக எடுத்தால் மூச்சு எங்கே என்று தேடும்போது கையில் ஷாட் இருக்காது.

அசைவில் ஒரு விறைப்பு வேண்டுமென்றால், பாட்டை 90 சதவீத வேகத்தில் ஒலிக்கவிட்டுப் பாடவையுங்கள். பிறகு படத்தை 111 சதவீத வேகத்தில் ஓடவிட்டால் வாய் பொருந்தும், கை கால் அசைவு மட்டும் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும்.

காதல் மெலடியில் படம் பார்வையைக் கேட்கிறது. அவள் பார்க்கிறாள், எதைப் பார்க்கிறாள் என்று காட்டுகிறோம், திரும்ப அவளிடம் வருகிறோம். அந்த மூன்றாவது ஷாட்டில் அவள் முகத்தில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் முதல் இரண்டு ஷாட்டும் வீண். வெட்டு எப்போது? அந்த நினைப்பு முகத்தில் முடியும்போது. சினேட் ஓ'கானர் பாடி 1990-இல் வந்த "நத்திங் கம்பேர்ஸ் டு யூ" காணொளியைத் தேடிப் பாருங்கள், ஜான் மேபரி இயக்கியது. பெரும்பகுதி ஒரே முகம், கறுத்த பின்னணி, கமராவை நேரே பார்த்துப் பாடுகிறார். ஒரு கட்டத்தில் கண்ணீர் தானாக வழிகிறது. அதை எடிட்டர் வெட்டவில்லை. அவ்வளவு நேரம் அந்த முகத்தோடு இருந்ததால்தான் அந்தக் கண்ணீர் நம்மைத் தொடுகிறது. நடுவில் அவர் பூங்காவில் நடந்து போகும் ஷாட்டுகள் வருகின்றன. ஒவ்வொருமுறை முகத்துக்குத் திரும்பும்போதும் அது இன்னும் கிட்ட வந்துவிட்டதாகத் தோன்றும்.

நமது சினிமா மெலடிகளில் இன்னொரு பழக்கம் கவனிக்க வேண்டியது. உடையும் இடமும் பெரும்பாலும் இடையிசையில் மாறும். அங்கே வாயசைப்புக் கிடையாது, ஆகவே எடிட்டருக்கு முழு விடுதலை. கதை, பயணம், காலம் ஓடுவது எல்லாம் அந்த இருபது முப்பது வினாடிக்குள் வைக்கப்படும். நமது பக்கத்துப் பாட்டுகளில் அந்த இடத்தை ட்ரோன் ஷாட்டால் நிரப்பிவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை. கதை சொல்லக் கிடைத்த ஒரே இடம் அது.

மெலடியில் ஆள் மெதுவாக அசைகிறார், தலைமயிர் மெதுவாகப் பறக்கிறது, ஆனால் வாய் மட்டும் பாட்டோடு ஒத்துப்போகிறது. எப்படி என்று பலர் கேட்கிறார்கள். படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடுகிறவர் அந்த வேகத்துக்கே வாயசைக்க, வினாடிக்கு 50 ஃபிரேமில் எடுப்பார்கள். பிறகு அதை 25 ஃபிரேமில் ஓடவிட்டால் அசைவு பாதி வேகத்துக்குக் குறைகிறது, வாய் அசல் பாட்டோடு பொருந்திவிடுகிறது. கோல்ட்பிளே குழுவின் "எல்லோ" (2000) காணொளியில் பாடகர் கடற்கரையில் நடந்து வருவது வெட்டில்லாத ஒரே ஷாட், இப்படித்தான் எடுத்தார்கள். உங்கள் ஃபோனில் 60 ஃபிரேம்தான் உண்டென்றால் டைம்லைனை 30-இல் வையுங்கள், இரண்டு மடங்குக் கணக்கு மாறாது. 60-இல் எடுத்து 25-இல் ஓடவிட்டால் பாட்டை 2.4 மடங்கு வேகத்தில் விட வேண்டி வரும். அந்த வேகத்துக்கு வாயசைப்பது பெரும்பாடு. பாடுகிறவருக்கு இரண்டு மடங்கு வேகப் பாட்டை முதல் நாளே அனுப்பிப் பழகச் சொல்லுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் எடுப்பதானால் காற்றிலும் அலையிலும் ஸ்பீக்கர் சத்தம் எடுபடாது. கமராவுக்குத் தெரியாத பக்கத்துக் காதில் இயர்போன் மாட்டிவிடுங்கள்.

ராக் பாட்டுக்குப் படம் கருவியைக் கேட்கும். கிட்டார் முன்னுக்கு வரும்போது விரலைக் காட்டு, டிரம் உருளும்போது குச்சியைக் காட்டு என்ற நேரான முறை. அதிகம் சொல்ல இல்லை. மின்னிசைப் பாட்டுகளில் பாடகரே இல்லாமல் போகலாம், அங்கே படத்தின் வடிவமே தாளமாக வேண்டும். கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் "ஸ்டார் கிட்டார்" (2002) பாட்டுக்கு இயக்குநர் மிஷேல் கோன்ட்ரி செய்ததைப் பாருங்கள். ஓடும் ரயிலின் ஜன்னல் காட்சி, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கட்டடமும் கம்பமும் பாலமும் பாட்டின் ஒவ்வொரு ஒலியோடு சேர்ந்து கடந்து போகிறது. கண்ணுக்குத் தெரியும் வெட்டு ஒன்றுகூட இல்லாமல் தாளத்தைக் கண்ணால் பார்க்க வைத்திருக்கிறார். இதைப் பார்த்த பிறகு யாழ்தேவி ரயிலில் மாங்குளம் தாண்டும்போது ஜன்னலை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

வன்னிக்கென்றே உள்ள ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை முல்லைமோடி என்ற தனி ஆட்ட முறையில் ஆடுவார்கள். கூத்தர் ஒரு வரியைப் பாடுவார். பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் கூத்தர் ஆடுவார். எங்கே வெட்டுவது என்று பாட்டே சொல்லித் தருகிறது. அவர் பாடும்போது முகத்துக்குப் போங்கள், பிற்பாட்டு எழும்பும்போது பின்வாங்கித் தலை முதல் பாதம் வரை காட்டுங்கள். ஆட்டம் நடக்கும்போது காலை வெட்டிவிடாதீர்கள், ஓர் அடவின் (ஆட்ட அசைவின்) நடுவில் ஷாட்டை மாற்றாதீர்கள். சுழன்று வந்து கால் தரையில் ஊன்றிய பிறகு மாற்றுங்கள். இது பறை ஆட்டத்துக்கும் சினிமாக் குத்துப் பாட்டுக்கும் பொருந்தும். ஆடத் தெரியாத நடிகருக்காகத்தான் அரை வினாடிக்கு ஒரு வெட்டு வேண்டும். ஆடத் தெரிந்தவருக்கு அதே வெட்டுகள் செய்யும் அநியாயம் பெரிது. கூத்து ஆடும் களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருந்து பார்த்த ஆட்டம் இது. அதனால் முன்னால் ஒரு ஸ்டாண்டில் கமராவை நட்டு வைத்து எடுத்தால் பாதி ஆட்டம் முதுகாகவே போய்விடும். ஒரு பாத்திரம் முதலில் களரிக்குள் வரும் வரவு ஆட்டத்தின்போது நீங்களும் களரியைச் சுற்றி நடந்து எடுங்கள்.

கோயில் பாட்டுக்கு வருகிறேன். வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் போன எவருக்கும் அந்தச் சனமும் காவடியும் தெரியும். கடல்நீரில் விளக்கெரியும் என்பது அந்தக் கோயிலின் ஐதீகம். இப்படி ஓர் இடத்தில் எடுக்கும் காட்சிக்கு இரண்டு வினாடிக்கு ஒரு வெட்டு தேவையா? பார்ப்பவர் கும்பிட வந்திருக்கிறார். ஒரு தீபத்தை எட்டு வினாடி காட்டினால் அவர் சலிக்க மாட்டார், கும்பிடுவார். எனவே இங்கே வெட்டை அம்மனின் பெயருக்கு வையுங்கள், தவில்காரர் தீர்மானம் வைத்து முடிக்கும் இடத்துக்கு வையுங்கள். மூன்று முறை சுற்றி வந்து சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) விழும் அந்த இடத்தில் கோபுரமோ முகமோ வந்தால் உடம்பு சிலிர்க்கும். அதுவரை முகங்கள், கைகள், பானை, புகை என்று சுற்றியே வாருங்கள். எல்லாவற்றையும் முதல் பத்து வினாடியில் காட்டிவிட்டால் பிறகு போக இடமில்லை. கோயில் நிர்வாகத்திடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள், மூலஸ்தானத்துப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

கற்பூரம் கொளுத்தும்போது ஃபோன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துத் தடுமாறும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு எடுங்கள். இரவில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுவதற்கும் காரணம் உண்டு. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அந்த விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் பட்டை போய்விடும்.

கடைசியாக நிலமும் வெளிச்சமும். வன்னியில் எடுக்கப்படும் காணொளிகளில் எனக்குள்ள பெரிய குறை, நிலம் பின்சீலையாக நிற்பது. இரணைமடுக் குளத்துக்கு மேலே ட்ரோன், ஏ9 வீதிக்கு மேலே ட்ரோன், பனைக்கு மேலே ட்ரோன். எல்லாம் வடிவுதான், ஆனால் அங்கே யாரும் வாழ்வதாகத் தெரியவில்லை. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீ, அறிவு என்ற இரு பாடகர்கள் பாடிய "எஞ்சாயி எஞ்சாமி" (2021) காணொளியில் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் தோன்றுகிறார். அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். பாட்டு நிலத்தைப் பற்றியது, அதைச் சொல்ல மனித முகம் வருகிறது. 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்களின் தோட்டத்தில் நின்று எடுத்தால், நிலத்தோடு அதைத் தொடுகிற கையும் சட்டகத்துக்குள் இருக்கட்டும். ட்ரோன் வேண்டுமென்றால் ஒன்று போதும், அதற்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் உண்டு. மிதிவெடிப் பலகை நிற்கும் எல்லையை எந்த ஷாட்டுக்காகவும் தாண்ட வேண்டாம். முள்ளிவாய்க்கால், நந்திக்கடல் பக்கம் கமராவைத் திருப்பும்போது 2009 மே மாதத்தைப் பார்ப்பவர் தன்னோடு கொண்டு வருவார். ஒரு டூயட்டுக்கு அழகான தண்ணீர் என்று அந்தக் கரையைப் பாவிக்க என் மனம் ஒப்பாது.

நமது வெயில் உச்சியில் நேர் கீழே இறங்கும். கண் குழிக்குள் நிழல் விழும், முகம் தொலைந்துபோகும். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் எடுங்கள். நடுப்பகலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் குளக்கட்டு மருத மர நிழலுக்குள் ஆளை நிறுத்தி, வெளியே விழும் வெயிலை ஒரு வெள்ளை ரிஜிபோம் தட்டால் முகத்துக்குத் திருப்புங்கள். அந்தி மஞ்சளை நம்பித் திட்டம் போட வேண்டாம். நமது பக்கத்தில் சூரியன் நேராக விழுந்துவிடும், சூரியன் மறைந்த பிறகு பாவிக்கக்கூடிய வெளிச்சம் இருபது நிமிடமளவில் தீர்ந்துவிடும். வண்ணம் சேர்க்கும்போது கறுத்த முகத்தை வெளுக்க வைக்காதீர்கள். வெளிச்சத்தை முகத்துக்கு அளந்து எடுங்கள், வானம் வெளுத்தாலும் பரவாயில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் நீலம், செம்மஞ்சள் வண்ணக் கலவைகளைப் போட்டால் நமது செம்மண்ணும் தோலும் ஒரே நிறமாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வயல் வரும் ஷாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கிழமைக்குள் எடுத்து முடியுங்கள். கதிர் முற்றிய வயலும் அறுத்த வயலும் ஒரே சரணத்தில் மாறி மாறி வந்தால் கொழும்பில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியாமல் போகலாம். உங்கள் ஊரில் பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.